இரண்டு பெயருக்கும் பதில் சொன்னவள்

என் பாக்கியம் அக்காவுக்கு,

வருகிற சனிக்கிழமை தெங்கேராவில் நான் மறுபடியும் பேச வேண்டும். அதே வாசகர் வட்டம், அதே மாடி அறை. அடிமைகளைப் பற்றி இளையோருக்காக எழுதப்பட்ட நாவல்களில் விடுதலையும் துணிச்சலும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாக ஒரு வரிகூட ஓடவில்லை. உன்னிடம் பேசாமல் அவர்களிடம் எப்படிப் பேசுவது?

தொண்ணூற்று மூன்றில் நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது அங்கே பேசியதைக் கேட்க நீ வந்திருந்தாய். விடியற்காலையில் ரப்பர் மரம் வெட்டி, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு, குளித்து, நியாலாஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாய். நான் பேசியது உனக்கு நினைவிருந்ததா? எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது.

அன்று நான் பேசிய நாவலில் ஒரு அக்காவும் தங்கையும் கரும்புத் தோட்டத்து அடிமைகள். தங்கை தப்பி ஓடுகிறாள். கூடவே வரச் சொல்லியும் அக்கா வரவில்லை. நான் தங்கையை ஒரேயடியாகப் புகழ்ந்தேன். வழி திறந்திருந்தும் போகாத அக்கா மனத்தாலேயே அடிமை என்றேன். கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கேள்வி நேரத்தில் நீ எழுந்தாய்.

"ரெண்டு பேரும் போயிட்டா, காலையில பேர் கூப்பிடறப்ப யாரு பதில் சொல்றது? ஒடனே தேட ஆரம்பிச்சிருவாங்க லா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா.

பதில் புத்தகத்திலேயே இருந்தது. மறுநாள் காலையில் அந்த அக்கா குரலை மாற்றி இரண்டு பெயருக்கும் பதில் சொல்கிறாள். அதனால்தான் தங்கைக்கு அரை நாள் கிடைக்கிறது. நேரம் போதாது என்று அந்தப் பக்கத்தை நான்தான் விட்டுவிட்டேன். படிக்காமலே நீ அதைப் பிடித்துவிட்டாய். தினமும் இருட்டோடு தோட்டத்து ஆள்கணக்குக்காகப் பிரட்டுக் களத்தில் நின்று பெயருக்குக் குரல் கொடுத்தவளுக்கு அது தெரியாதா?

அப்பா இறந்த மாதத்தை நினைத்துக்கொள்கிறேன். அம்மா ஏற்கெனவே இல்லை. வீட்டுக்கு இரண்டு பேர் வேலைக்குப் பெயர் கொடுத்தால்தான் தோட்டத்து லயத்தில் வீடு என்றார் ஆபீஸ் கிராணி. என்னைப் பள்ளியை விட்டு நிறுத்தி மறுநாளே பிரட்டுக்கு அழைத்துவரச் சொன்னார். "அவ படிக்கட்டுங்க. அவ மரத்தையும் சேத்து நானே வெட்டுறேன்," என்றாய் நீ. தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் அதைக் கெஞ்சல் என்று நினைத்தேன். உன்னைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. உனக்கு அப்போது பதினெட்டு வயதுதான். அதற்குத் துணிச்சல் என்று பெயர் என்பது எனக்கு எந்த நாவலைப் படித்தும் உறைக்கவில்லை.

இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நீ மெதுவாகக் கேட்டாய்: "அப்பறம் அந்தத் தங்கச்சி திரும்பி வந்து அக்காவ கூட்டிக்கிட்டுப் போச்சா?"

"வந்துச்சுக்கா," என்றேன்.

உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பொய், அக்கா. அவள் வரவே இல்லை.

நானும் வரவில்லை. வேலை கிடைத்துத் தங்கா பத்துவில் வீடு எடுத்தபோது, தீபாவளி முடியட்டும், கூட்டிக்கொள்கிறேன் என்றேன். பிறகு பொங்கல் முடியட்டும் என்றேன், பிறகு பள்ளிப் பரீட்சை. உண்மையில், வீட்டுக்கு வந்துபோகும் டீச்சர்கள் முன்னால் உன்னை எப்படி உட்கார வைப்பது என்றுதான் தயங்கினேன். எவ்வளவு கேவலமான தயக்கம். நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. போன வருடம் காய்ச்சலோடு லயத்திலேயே கண்ணை மூடினாய். இப்போது நீ வெட்டிய மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டிருக்கிறார்கள்.

நான் சொன்னதை நம்பிக் காத்திருந்தாயா? இல்லை, பொய் என்று தெரிந்தும் என் மனம் நோகாதிருக்க நம்பியவளைப் போல இருந்தாயா?

சனிக்கிழமை நான் பேச எழுந்ததும் முதலில் இதைத்தான் சொல்வேன்: ஐந்து வருடத்துக்கு முன்பு இந்த அறையில் நாம் சிரித்தது என் கூடப்பிறந்த அக்காவைப் பார்த்து. அன்று அங்கே ஒருவரிடமும் நீ யார் என்று நான் சொல்லவில்லை.

உன் தங்கை,
இந்திரா