பெரியப்பாவின் தாடியைத் தின்ற கறுப்புத் தண்ணீர்

அன்பு மகள் யுஸ்ராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், என் விலா எலும்பில் இரண்டு அதற்குச் சம்மதிக்கவில்லை. துலூஸ் குளிரில் கம்பளிக் காலுறை இல்லாமல் ஆய்வகம் போகாதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு உன் பெரியப்பா லரூசி, மகன்கள் இருவரோடும் ஆலிவ் உதிர்க்கும் கழிகளோடும் நம் செக்குக்கு வந்துவிட்டார். உன் ஆய்வுக்கு ‘நானோ’ என்னும் நுண் கரித்தூள் செய்ய வேண்டும் என்று நீ கேட்டதால், அவருக்கு விறகாகப் போகும் ஆலிவ் பிண்ணாக்கு முழுவதையும் நான் நிறுத்திவைத்தேன் அல்லவா, அதில் அவர் நடத்தும் ஹம்மாம் வெந்நீர்க் குளியல் விடுதியின் அடுப்பு அணைந்து, கல்யாணப் பெண் ஒருத்தி பச்சைத் தண்ணீரில் குளித்து நடுங்கிக்கொண்டே மாமியார் வீடு போனாளாம். ஊரே மூஞ்சில துப்புதுடா, ஒம்மவ ஜாடியில அடைக்க எம்பொழப்புதான் கெடச்சுதா என்றார். நான் வாயைப் பொத்தியிருக்கலாம். அடுப்புல சூடு இல்லன்னா நீயே ஏறி உக்காரு அண்ணே, நல்லா கொதிக்கிறியே என்றேன். முதல் அடி விலாவில் விழுந்தது. பெரியவனின் பல் ஒன்று என் கைமுட்டியில் குத்தி நின்றது, சின்னவனை, எண்ணெய் பிரிந்தபின் மிஞ்சும் கறுப்புத் தண்ணீர்க் குழியில் தள்ளினேன், கண் எரிந்து கன்றுக்குட்டி போல் அலறினான், உன் அம்மா இரும்புச் சட்டியால் யாரை அடித்தாள் என்று அவளுக்கே தெரியாது, என் தோளைக் கேட்டால் சொல்லும்.

அப்போதுதான் பெரியப்பா கோடரியோடு நீ அமைத்துவிட்டுப் போன எரிவாயுப் பீப்பாய் பக்கம் போனார், உதட்டில் சிகரெட். செக்கின் கறுப்புத் தண்ணீரும் ஆட்டுப் புழுக்கையும் அதில் புளித்துக்கொண்டிருக்கின்றன, வேண்டாம் அண்ணே, உள்ள நெருப்பு இருக்கு என்று கத்தினேன். நாத்தத் தண்ணியில நெருப்பாடா என்று ஓங்கி வெட்டினார். மூடி கூரையைத் தாண்டிப் பறந்தது. தீ அவர் தாடியைத் தின்று கைகளுக்கு வந்தது. ஈரச் சாக்கில் சுருட்டிப் பிண்ணாக்குக் குவியலில் உருட்டினேன், சட்டைக் கையோடு தோலும் வந்தது மகளே. அடித்த கையும் அடிபட்ட கையும் சேர்ந்துதான் அவரை வண்டியில் ஏற்றின.

நேற்று ஸ்ஃபாக்ஸ் ஆஸ்பத்திரியில் அவருக்குக் கஞ்சி ஊட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினார். கடைசி வாய்க்குப் பிறகு, அந்தப் பீப்பா நெருப்பு ஹம்மாமுக்குப் போதுமான்னு ஒம்மவள கேளு, போதும்னா பிண்ணாக்க அவளே வச்சிக்கட்டும் என்றார்.

சண்டையில் தப்பிய கரித்தூள் ஜாடியை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த அறிவும் தரட்டும். மறக்காமல் பதிலைப் பெரியப்பா பெயருக்கே எழுது. கட்டுப் போட்ட கையால் அவருக்கு இப்போது உறையைப் பிரிக்க முடியாது, நான்தான் பிரித்து வாசிக்க வேண்டும், வாசித்து முடிக்கும்வரையாவது பக்கத்தில் உட்கார விடுவார்.

உன் பாபா,
பெஷீர்