அரைஞாணில் பச்சை பிளக்

ஐப்பசி 4, திங்கள்

விடியும்போதே தூறல். லஸ் பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்டு பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிப் போகிற வருடம். எங்கள் தெருப் புங்க மரம் கரண்டு கம்பத்தோடு சாய்ந்ததும், கூட வேலை செய்கிற ஏகாம்பரம் பேத்திக்குக் காது குத்தியதும் இதே வருடம்தான். வருடத்தின் நம்பர் காலண்டரில் இருக்கும். எனக்கு இப்படிச் சொன்னால்தான் மனதில் நிற்கும்.

எழுதப் படிக்கத் தெரியாது. நம்பர் மட்டும் தெரியும். போனில் மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும் என்று மருமகள் காட்டிக்கொடுத்தாள். எழுதியதை என்னால் படிக்க முடியாது. வேறு யாரும் படிக்கவும் வேண்டாம்.

மயிலாப்பூரிலிருந்து தி.நகர் போய்ச் சேருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஜவுளிக்கடை வாசலில் தீபாவளிக் கூட்டம். பின்பக்கமாகக் கீழே இறங்கினேன். பேஸ்மென்ட்டில் சேலை குடோன். அதன் மூலையில் சம்ப் குழி. மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் அதில்தான் சேரும். பம்பு இறைத்து வெளியே தள்ளாவிட்டால் குடோன் முழுகும். பம்பை ஓட்டுவது நான். குழிக்குள் இறங்கிக் குப்பை எடுப்பது ஏகாம்பரம்.

பம்பின் பழைய ஸ்விட்ச் பேனலைக் கழற்றிவிட்டார்கள். புதிதாக வெள்ளைப் பெட்டி, உள்ளே பிஎல்சி என்று பம்பைத் தானே போட்டு அணைக்கிற குட்டிக் கம்ப்யூட்டர். பெருங்குடியிலிருந்து ஒரு இன்ஜினியர் பெண், பேர் மீனா. பிஎல்சிக்குப் பக்கத்தில் தீப்பெட்டி மாதிரி ஒன்றை மாட்டினாள். சீரியல் மாட்யூலாம். அதிலிருந்து பின்னிய ஒயர் ஆறாவது மாடிக்குப் போகும். கடை மேனேஜர் அண்ணாச்சி அங்கே உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் தண்ணீர் மட்டம் பார்க்கலாம், பம்பைப் போடலாம், அணைக்கலாம்.

ஏகாம்பரம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பீஸு கட்டை எங்கம்மா கீது?"

"இதுல அது கிடையாதுங்க. பூட்டு ஒண்ணு வரும். ஆஃப் பண்ணிப் பூட்டிட்டு சாவியை நீங்களே வெச்சுக்கலாம். ஆர்டர் போட்டிருக்கேன்."

"அதுவரிக்கும் இடுப்புல இன்னாத்த சொருவறது? ஒன் செல்போனா?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஐப்பசி 5, செவ்வாய்

வெயிலும் மழையும் மாறி மாறி. முழங்கால் வலி.

மாட்யூல் பேசவில்லை. கீழே இருப்பது ஒரு வேகத்தில் பேசுகிறது, மேலே இருப்பது வேறு வேகத்தில் கேட்கிறது என்றாள் மீனா. லேப்டாப்பில் தட்டி இரண்டையும் ஒரே வேகமாக்கினாள். அப்படியும் இல்லை. இரண்டு ஒயரையும் இடம் மாற்றி முடுக்கினாள். மாட்யூல் விளக்கு இரண்டு தரம் கண் சிமிட்டிவிட்டு நின்றது.

ஏகாம்பரம்: "புச்சா கல்யாணம் ஆன ஜோடியாட்டம் கீது. ரெண்டு வார்த்தை பேசிக்கினு மூஞ்சிய திருப்பிக்குது."

சாயங்காலம்தான் காரணம் கிடைத்தது. ஒயரை லிஃப்ட் மோட்டார் கேபிளோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். லிஃப்ட் ஓடும்போதெல்லாம் பேச்சு குழம்புகிறதாம். பிரித்து மாடிப்படி ஓரமாக இழுக்கச் சொன்னாள். பொறுமைசாலி. ஆட்களை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை.

ஃப்யூஸ் கட்டை விஷயம் அவளுக்குப் புரியவேண்டும் என்று நானே சொன்னேன். இந்தக் கடை இரண்டு மாடியாக இருந்த காலம். அப்போது இறங்குகிறவன் சின்னையா, குழிக்குள் இருக்கிறான். மேலே யாரோ தண்ணீர் ஏறுகிறதே என்று ஸ்விட்சைத் தட்டிவிட்டார்கள். இன்னார் என்று கடைசிவரை தெரியவில்லை. சின்னையா பிணமாகத்தான் மேலே வந்தான். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். இறங்குகிறவன் பம்பின் ஃப்யூஸ் கட்டையைத் தன் கையால் பிடுங்கி, அரைஞாண் கயிற்றில் செருகிக்கொண்டுதான் இறங்குவான். மேலே வந்ததும் தன் கையாலேயே மாட்டுவான். சின்னையாவுக்குப் பிறகு இறங்கிய தனகோடி அப்படித்தான். காதர் பாய் அப்படித்தான். மெயினை அணைத்தால் போதாதா என்றாள். மெயின் போனால் குடோன் விளக்கும் போகும், இருட்டில் எப்படி இறங்குவது என்றேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். "பூட்டு வர்ற வரைக்கும் யாரும் இறங்க வேணாம். அவர்கிட்டயும் சொல்லிடுங்க."

சொன்னேன். ஏகாம்பரம்: "தண்ணி கேக்குமாடா அந்தப் பொண்ணு பேச்ச?"

ஐப்பசி 6, புதன்

மாட்யூல் பேசிவிட்டது. பச்சை விளக்கு நிற்காமல் சிமிட்டுகிறது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

அண்ணாச்சி என்னை ஆறாவது மாடிக்கு வரச் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல்முறை. ஏசி குளிர். கம்ப்யூட்டரில் நம் சம்ப் தண்ணீர் மட்டம் நீலத் தூணாகத் தெரிந்தது. ஏகாம்பரம் வரவில்லை, டீ குடிக்கப் போயிருந்தான்.

மீனா அண்ணாச்சிக்கு விளக்கினாள். "லைன் கட்டாச்சுன்னா ஸ்கிரீன்ல எதுவும் தெரியாது சார். அப்போ பம்பு என்ன பண்ணணும்? நிக்கணுமா, ஓடணுமா?"

அண்ணாச்சி: "ஓடணும்மா. நின்னுச்சுன்னா அம்புட்டு பட்டும் போச்சுல்லா. எலி கடிச்சாலும் சரி, இடி விழுந்தாலும் சரி, ஓடட்டும்."

அவள் அப்படியே வைத்தாள். கொஞ்ச நேரம் பார்க்கும், பேச்சு வராவிட்டால் பம்பு தானாக ஓடும். நல்ல ஏற்பாடுதான் என்று எனக்கும் பட்டது. எலி என்றுதான் மனதில் ஓடியது.

வரும்போது வெற்றிலை, மருமகளுக்கு மல்லி, முழங்காலுக்குத் தைலம்.

ஐப்பசி 7, வியாழன்

இதைச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

மழை. கடைத்தெருவில் கணுக்கால் தண்ணீர். மத்தியானம் பம்பு உறுமியது, தண்ணீர் இறங்கவில்லை. சேலை சுற்றி வருகிற பிளாஸ்டிக் கவர்கள் பம்பு வாயில் அடைத்துக்கொண்டன. குடோன் கீழ்த்தட்டுச் சேலைகளை ஆட்கள் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மீனாவுக்குப் போன் போட்டேன். "வேளச்சேரியிலயே மாட்டிக்கிட்டேன். யாரும் இறங்காதீங்க, நான் வந்துடறேன்."

ஏகாம்பரம் சட்டையைக் கழற்றிவிட்டான்.

"ஏகா, அந்தப் பொண்ணு வரட்டும்."

"அது நீந்திக்கினா வரும்? நீ கம்முனு கெட."

அண்ணாச்சி மேலிருந்து போனில், "பம்பை ஆஃப் பண்ணிட்டேன் வே. இனி நான் தொடமாட்டேன். சாமி சத்தியம்."

ஏகாம்பரம் என்னைப் பார்த்தான். "மேல இருக்கறவன் சத்தியம் பண்ணான்னு எறங்கச் சொல்றியா? சின்னையாவுக்கும் மேல ஆளு இருந்தாங்க."

பெட்டியைத் திறந்தான். அந்தத் தீப்பெட்டியில் ஒயர் வந்து சேருகிற பச்சை பிளக். மேலேயிருந்து உத்தரவு வருகிற வழி அதுதான் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பிடுங்கினான். விளக்கு நின்றது. பிளக்கை அரைஞாணில் செருகிக்கொண்டு இடுப்பைத் தட்டிக் காட்டினான்.

"இப்பதான் நைனா நிம்மதி."

எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. டார்ச் அடித்தேன். மார்பளவு தண்ணீரில் குனிந்து கவர்களாக எடுத்து மேலே வீசினான். "கல்யாணப் பொண்ணுக்கு எடுக்கற சேல, கவரு மட்டும் நம்மளுக்கு" என்றான். மறுபடி முங்கினான்.

பேச்சு வராததால் பம்பு ஓடியது.

பெட்டியில் அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புக் குமிழ், யார் வேண்டுமானாலும் திருப்பி விடலாம் என்று ஏகாம்பரம் நம்பாதது, எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில்தான். அடித்தேன். பம்பு நின்றது. ஆனால் அவன் உடனே மேலே வரவில்லை.

குடோன் ஆட்கள் இறங்கித் தூக்கினார்கள். வலது கையில் இரண்டு விரல் இல்லை. அந்தத் தண்ணீரை நிறையக் குடித்திருந்தான். மூச்சு இருந்தது.

ஐப்பசி 8, வெள்ளி

மழை விட்டது. பெரிய ஆஸ்பத்திரி. ஐசியு கதவுக்கு வெளியே நான், அவன் பெண்சாதி கன்னியம்மா. நுரையீரலில் அழுக்குத் தண்ணீர், மிஷின்தான் மூச்சு விடுகிறது என்கிறார்கள். இட்லி வாங்கினேன், இரண்டு பேரும் தொடவில்லை.

நர்ஸ் அவன் துணியைப் பையில் போட்டுக் கொடுத்தாள். கன்னியம்மா பிரித்தாள். ஈர டவுசர். அறுத்தெடுத்த அரைஞாண் கயிறு. அதில் பச்சை பிளக்.

"இது இன்னாண்ணா?"

ஃப்யூஸ் கட்டைக்குப் பதில் என்றேன்.

"அப்ப இது இடுப்புல இருந்துமா ஓடுச்சு?"

இது இடுப்பில் இருந்ததால்தான் ஓடியது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. என் தலைக்குள் புதன்கிழமை முழுக்க ஓடியது. ஏசி குளிர், நீலத் தூண், லைன் கட்டாச்சுன்னா என்று மீனா சொன்னது, எலி கடிச்சாலும் என்று அண்ணாச்சி சொன்னது. ஒரு சொல் தப்பாமல் நினைவிருக்கிறது. எல்லாரும் என் ஞாபகத்தை மெச்சுவார்கள். பிளக்கைப் பிடுங்குகிற நேரத்துக்கு அதில் ஒரு சொல்லாவது வந்திருக்கலாம்.

மீனா வந்தாள். கண் வீங்கியிருந்தது. கன்னியம்மா காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஓடணும்னு வெச்சது நான்தாம்மா."

கன்னியம்மா அவளையே பார்த்தாள். பிறகு, "சாப்ட்டியா?" என்றாள். இட்லிப் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஐப்பசி 9, சனி

வெயில். தெருவெல்லாம் சேறு நாற்றம்.

காலையில் ஆஸ்பத்திரி. மாற்றமில்லை. கன்னியம்மாவிடம் சொல்லிவிட்டேன், புதன்கிழமை கேட்டது எல்லாம். அழவில்லை, திட்டவில்லை. "அவுரு கண்ணு முழிச்சா நீயே சொல்லு" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு கடை. பிளக்கை மீனாவிடம் கொடுத்தேன். துடைத்து மாட்டினாள். விளக்கு ஒன்றுமே நடக்காதது போலச் சிமிட்டியது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பூட்டு வந்திருந்தது, சிவப்பு. பம்புக்கு மட்டும் தனி ஸ்விட்ச் வைத்து அதில் போட்டாள். பூட்டினால் மேலிருந்து சொன்னாலும், பேச்சே நின்றாலும் ஓடாது. பூட்டிவிட்டு ஓட்டப் பார்த்துக் காட்டினாள். மறுபடி காட்டச் சொன்னேன். பிளக்கைப் பிடுங்கிக் காட்டச் சொன்னேன். ஓடவில்லை. அண்ணாச்சி படிக்கட்டில் நின்று பார்த்துவிட்டு ஏறிப்போனார்.

சாவியை என்னிடம் நீட்டினாள். வாங்கவில்லை. நான் இறங்குகிறவன் இல்லை, சாவி இறங்குகிறவனுக்கு என்றேன்.

குழி விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தாள். "இந்தக் குழியில இதுவரைக்கும் யார் யார் இறங்கியிருக்காங்க?"

சொன்னேன். சின்னையா, இதிலேயே போனான். தனகோடி, மஞ்சக்காமாலை. காதர் பாய், வடபழனி டிப்போவில் பஸ்ஸுக்கு நின்றபடியே, மாரடைப்பு.

"அப்புறம்?"

சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஏகாம்பரம். இருக்கிறான்.