பாறைக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண்

மார்ச் 6, வெள்ளி

அக்கா, இவ்வளவு நேரங்கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள். குட்டி இப்போதுதான் கண்ணை மூடினான். போனில் பேசினால் முதலில் நீ அழ ஆரம்பிப்பாய், உன்னைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் நானும் அழுவேன். அதனால்தான் ‘தினமும் எழுதி வை, திரும்பி வந்து படம் எடுத்து அனுப்பு’ என்று நீ சொன்னதும் சரியென்றேன். மலையில் சிக்னலும் கிடையாதாம்.

பையைக் கட்டி, பிரித்து, மறுபடி கட்டினேன். என் நாத்தனார் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “அண்ணி, நாம மலைக்குத்தான் போறோம். வீடு மாத்தல” என்றாள். மலையேறும் குழுவில் பெயர் கொடுத்ததே அவள்தான். அவளுக்கும் எனக்கும் சேர்த்து, என்னைக் கேட்காமல்.

அத்தையின் கணக்கு வேறு. குட்டிக்கு ஒன்றேகால் வயது முடிந்துவிட்டது. ஒரு வாரம் நான் கண்ணில் படாமல் இருந்தால் தாய்ப்பாலைத் தானாக மறந்துவிடுவான். நிறுத்தலாம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இவர் லீவு போட்டுவிட்டார். ஆக, இந்த வீட்டைப் பொறுத்தவரை இது பால் மறக்கடிக்கிற பயணம்.

எனக்கு மட்டும் இன்னொன்றும் இருக்கிறது. கல்லூரியில் பாறை ஏறும் குழுவில் இருந்தேனே, ஞாபகமிருக்கிறதா? அப்பா கையெழுத்தைக்கூட நீதான் போட்டுக் கொடுத்தாய். அந்தப் பெண் இப்போது மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறாள். குட்டி பிறந்ததிலிருந்து இப்படித்தான். அவள் இன்னும் எனக்குள் இருக்கிறாளா, போய்விட்டாளா? பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற அரிப்பு பயத்தைவிடக் கொஞ்சம் கூட.

மார்ச் 7, சனி

அவன் தூங்கும்போதே கிளம்பிவிட்டேன், திருடி மாதிரி.

மார்ச் 8, ஞாயிறு

நாள் முழுக்க ஏற்றம். முதலில் மரங்கள், பிறகு முட்டிவரை புல், பிறகு வெறும் கல். எங்களை அழைத்துப் போகிறவள் என்னைவிடச் சின்னவள். எல்லாரும் கேப்டன் என்கிறார்கள். அதிகம் பேசமாட்டாள், நம் காலைத்தான் பார்ப்பாள். அவளிடம் பேச நேர்ந்தால் என் காலும் வெட்கப்படுகிறது.

குழுவில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று காட்சியை ரசிப்பதாகச் சொல்வார். மூடுபனியில் ஒன்றுமே தெரியாத இடத்தில்கூட ரசித்தார்.

சாயங்காலம் கேப்டன் விஷயத்தைச் சொன்னாள். உச்சிக்குக் கீழே செங்குத்தாக ஒரு பாறை. ‘சுவர்’ என்பார்களாம். கயிறு கட்டி ஏற வேண்டும். நாளைக்கு ஒரு சின்னப் பாறையில் பயிற்சி. அதில் சரியாக ஏறுகிறவர்கள் சுவர் வழியாக. மற்றவர்கள் சாமான் தூக்குகிறவர்களோடு சுற்றுப்பாதையில். சுற்றுப்பாதையிலும் பூவெல்லாம் இருக்கும் என்றாள். அந்தப் பூ யாருக்கு வேணும்?

நெஞ்சு கல்லாக இருக்கிறது அக்கா. பால் கட்டிக்கொண்டது. பையின் வார் பட்டால் உயிர் போகிறது. வலி தணிகிற அளவுக்கு மட்டும் எடு, முழுக்க எடுத்தால் மறுபடி ஊறும் என்று ஊரில் டாக்டர் சொல்லியிருந்தார். புதர் மறைவில் உட்கார்ந்து மண்ணில் பீய்ச்சினேன். ஒரு எறும்பு வந்தது. நின்றது. பிறகு போய் மற்றவர்களைக் கூட்டி வந்தது. அழுதுகொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிப்பாக இருக்குமோ? இத்தனை மாதம் கொடுத்திருக்கிறேன், நான் ருசி பார்த்ததே இல்லை. விரலை நக்கிப் பார்த்தேன். இனிப்புத்தான்.

மார்ச் 9, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது? சிரிக்கக் கூடாது.

பயிற்சிப் பாறை இரண்டு மாடி உயரம் இருக்கும். பயந்தவர்கள் எல்லாரும் ஒரே தப்பைச் செய்தார்கள். நெஞ்சும் வயிறும் ஒட்டப் பாறையைக் கட்டிக்கொண்டார்கள். அப்படி ஒட்டினால் கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது, பாரமும் காலில் இறங்காமல் வழுக்கும். கேப்டன் கீழிருந்து சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். “டாக்டர் சார், அது பாறை. உங்க சம்சாரம் இல்ல” என்று கடைசியில் அவளே சொல்ல வேண்டியதாயிற்று.

என் முறை. மற்றவர்களைவிட எனக்குத்தான் பாறையைக் கட்டிக்கொள்ள ஆசை. ஆனால் முடியவில்லை. நெஞ்சு கொஞ்சம் உரசினாலே கண்ணில் நீர் வந்தது. வேறு வழியில்லாமல் கையை நீட்டி, உடம்பை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, குனிந்து காலைப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கண்ணில் நீர் வழிய வழிய மேலே போய்விட்டேன்.

கேப்டன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “இவ்வளவு நல்லாத் தள்ளி நிக்கறீங்களே, யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?” எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலேஜ்ல என்றேன். என்ன பதில் சொல்வேன்? என் பையன்கிட்ட என்றா?

நாத்தனாரிடம் மட்டும் கூடாரத்தில் உண்மையைச் சொன்னேன். போர்வையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளும் தேறிவிட்டாள். பல் டாக்டருக்குச் சுற்றுப்பாதை. பூ பிடிக்கும் என்கிறார்.

மார்ச் 10, செவ்வாய்

மழை. நாள் முழுக்கக் கூடாரம். நெஞ்சு இளகிவிட்டது. வலி குறைந்தது எனக்கு ஏன் பிடிக்கவில்லை? அடிக்கடி அமுக்கிப் பார்க்கிறேன்.

இந்நேரம் அவனுக்கு யார் கொடுக்கிறார்கள், எதில் கொடுக்கிறார்கள். தம்ளரைத் தட்டிவிடுவானே.

மார்ச் 11, புதன்

ஏறினேன். ஆனால் ஒழுங்காக எழுத வேண்டும்.

சுவரின் அடியில்தான் சுற்றுப்பாதையும் ஆரம்பிக்கிறது. அதில் போகிறவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள், பல் டாக்டர் உட்பட. கேப்டன் முன்னால் ஏறி மேலிருந்து கயிற்றைப் பிடித்தாள். அடுத்து நான். நாத்தனார் எனக்குப் பின்னால், கீழே காத்திருந்தாள்.

பாதிவரை போனது எப்படியென்று தெரியாது. பிறகு கீழே பார்த்தேன். கீழே இருந்தவர்களின் தலை மட்டும் தெரிந்தது. அடுத்த நொடி நான் பாறையோடு பாறையாக ஒட்டிக்கிடந்தேன். தடுக்க இன்று வலி இல்லையே. கன்னத்தில் சில்லென்று கல். இடது கால் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டது. என் பேச்சைக் கேட்கவே இல்லை. முடியாது. என்னால முடியாது, எறக்கி விடுங்க, எனக்குக் கொழந்த இருக்கு. இதெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனா, மனசிலா, தெரியவில்லை. கேப்டன் மேலிருந்து, இறங்குவதென்றால் இறக்கிவிடுகிறேன், நீங்களே சொல்லுங்கள் என்றாள். மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.

அப்போதுதான் கீழிருந்து நாத்தனார் தொண்டை கிழியக் கத்தினாள்: “அண்ணி, இன்னைக்கும் வலிக்குதுன்னு நெனச்சுக்கங்க!”

பல் டாக்டர் அக்கறையாகக் கேட்டது சுவர் முழுக்க எதிரொலித்தது. “எங்க வலிக்குது அவங்களுக்கு?”

சிரிப்பு வந்துவிட்டது அக்கா. அந்த உயரத்தில், மூக்கு கல்லில் இடிக்க. வயிறு குலுங்கிச் சிரித்தால் பாறையோடு ஒட்டியிருக்க முடியாது, அது எனக்கு இன்றுதான் தெரியும். உடம்பு ஒரு சாண் விலகியது. விலகியதும் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு திட்டு, சோப்பு அளவுக்கு. அவ்வளவு நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. காலை வைத்தேன். நின்றது.

அதற்கு மேல் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பயம் கூடவே ஏறியது. ஆனால் பாறையைப் பார்க்க முடிந்தது. கல்லுக்குள் மினுமினுப்பாகப் பொடி. ஒரு பிளவில் நகத்தளவு செடி, அதற்கும் ஒரு பூ. காலேஜில் எத்தனையோ பாறை ஏறியிருக்கிறேன், ஒன்றுகூட எப்படி இருந்தது என்று ஞாபகமில்லை. பயமே இல்லாதவளுக்கு எதையும் உற்றுப் பார்க்கத் தேவையில்லை போல.

உச்சியில் உட்கார்ந்து அந்தக் கல்லூரிப் பெண்ணைத் தேடினேன். காணோம். இன்றைக்கு ஏறியது வேறு யாரோ. யாரென்று இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

மார்ச் 12, வியாழன்

இறங்குகிறோம். பாதி வழியில் சிக்னல் வந்து போன் விடாமல் துடித்தது. எல்லாம் இவர் அனுப்பியவை. திறக்கவில்லை. ‘அழவே இல்லை’ என்று இருந்தால் தாங்குவேனா? ‘அழுதுகொண்டே இருக்கிறான்’ என்று இருந்தால்? ரெண்டில் எது நல்ல செய்தி?

மார்ச் 13, வெள்ளி

மதியம் வந்து சேர்ந்தோம். முதல் இரண்டு ராத்திரி அழுதானாம். பிறகு அப்பா தோளில் தூங்கப் பழகிவிட்டானாம். இவர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. அத்தை புடவைக்குப் பின்னால் நின்று நோட்டம் விட்டான். நான் தரையில் உட்கார்ந்து சும்மா இருந்தேன். மெதுவாக வந்தான். மடியில் ஏறினான். வழக்கம்போல கையை உள்ளே விட்டான். அத்தை சமையலறையிலிருந்து கொடுக்காதே, கொடுக்காதே என்றார். தடுக்க எனக்கு மனசு வரவில்லை. வாய் வைத்தான். நாலு சொட்டு இருந்திருக்கும். நிறுத்திவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தான்.

கிண்ணம் காலியானால் இரண்டு கையையும் விரித்துக் காட்ட அத்தை இந்த வாரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது. அவன் இரண்டு கையையும் விரித்து எனக்குக் காட்டினான். ஆமாம், தீந்துபோச்சு என்றேன். சரி என்பதுபோல் இறங்கி, சிராய்த்துக் கிடந்த என் விரல் முட்டியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தான்.

நான் அழவில்லை அக்கா. அழுவேன் என்று நினைத்தேன். அவன் என்ன செய்வான் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

நீ மூன்று பேருக்குக் கொடுத்தவள். கடைசி நாள் அவர்கள் என்ன செய்தார்கள், நீ என்ன செய்தாய்? நீ சொன்னதே இல்லை, நானும் கேட்டதே இல்லை. இதைப் படித்ததும் சீக்கிரம் பதில் எழுது.