வடக்குக் கீற்று

ஜூன் 9, திங்கள்
நான் பாடம் எடுக்கும் கல்லூரியில் அட்மிஷன் கூட்டம். மதியம்தான் நான் ஆராயும் கேலக்ஸியின் படங்களைத் திறக்க முடிந்தது. சுருள் கைகள் இல்லாத லென்ஸ் வடிவம், நடுவில் உப்பிய ஆப்பம் மாதிரி. வடக்கிலும் தெற்கிலும் ஒட்டினாற்போல் இரண்டு சிறிய கேலக்ஸிகள். இருபத்தெட்டுப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் இரண்டு மங்கலான கீற்றுகள், அண்டை வீட்டுக்கு ஒன்றாக! அந்த அண்டை கேலக்ஸிகளின் ஈர்ப்பில் இழுபட்ட விண்மீன்களா? சலனமில்லாமல் அடங்கிப்போன கேலக்ஸி என்றல்லவா எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்?

ஜூன் 11
என் ஆராய்ச்சி வழிகாட்டி வெங்கடபதி சார் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "கேமராவுக்குள்ள செதறுன வெளிச்சமுங்க பொற்கொடி. அந்தக் கீத்து சமாச்சாரத்தை எடுத்துப்போடுங்க. ஆகஸ்ட்ல தீசிஸ் குடுக்கோணும்."

ஜூன் 12
எடுக்க மாட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு
பல்லடத்து மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் இட்லியைப் பிட்டபடி கேட்டார்: "ஏன் அம்மணி, சார் சொன்னபடியே முடிச்சுப்போட்டா என்ன?"
"நெசமா இருந்துச்சுன்னா?"
"இல்லாமப் போச்சுன்னா?"
அதையும் நான்தானே கண்டுபிடிக்கவேண்டும். வேறொரு தொலைநோக்கி எடுத்த படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. இரண்டு கேமராவும் ஒரே பொய்யைச் சொல்லாது.

ஜூலை 15
தெற்குக் கீற்று இல்லை. புதுப் படத்தில் அந்த இடம் வெறுமை. பக்கத்துப் பிரகாசமான நட்சத்திரத்தின் வெளிச்சம் கேமராவுக்குள் சிதறியதுதான் அது. சார் சொன்னது சரி. நாப்பத்திரண்டு வயசுல லேப் கதவைச் சாத்திட்டு அழுதேன்.

ஜூலை 16
பழைய படத்தை மட்டும் காட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது?— சீ, என்ன புத்தி இது. வடக்கையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும்.

ஜூலை 29
இருக்கிறது! இரண்டு தொலைநோக்கியிலும், மூன்று நிற வடிகட்டியிலும் அதே இடம், அதே வளைவு. நான்கு தடவை சரிபார்த்தேன்.

ஆகஸ்ட் 4
சார் மேஜையில் முதலில் தெற்குக் கீற்றின் படங்களை வைத்தேன். "நீங்க சொன்னதுதானுங்க சார். இது பொய்." பிறகு வடக்கை வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைப் படத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பிறகு தெற்குப் படத்தைக் காட்டிக் கேட்டார்:
"தெக்கை ஏனுங்க காட்டுனீங்க? நான் கேக்கவே இல்லீங்களே."
"தப்புன்னு தெரிஞ்சுபோச்சுங்க சார்."
"சரி. ஆகஸ்ட் வேண்டாங்க. டிசம்பர் ஆகட்டும்."

ஆகஸ்ட் 11
சாரிடமிருந்து மெயில். வடக்குக் கீற்றை இன்னும் ஆழமாகப் படம் எடுக்க, பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு ஒரு விண்ணப்பம். முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் என் பெயர். அவர் பெயர் அதற்குக் கீழே. மூன்று மணி வகுப்புக்குப் போகும் முன் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.