முன்பக்கச் சூடு

மார்ச் 3, இரவு

அன்புள்ள அண்ணாவுக்கு,

வீட்டில் ஃபோனில் எதைத் தட்டினாலும் அந்தப் புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வழியாகத்தான் போகிறது. அதனால் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு காகிதத்தில் எழுதுகிறேன்.

"எந்தக் கம்ப்யூட்டர் வாங்கறதுன்னு அந்தப் படிச்சவர்கிட்டயே கேளு" என்று அப்பா என்னைத் தூது விட்டார். நீயும் இரண்டு பிராசசர், தன் தவறைத் தானே திருத்தும் மெமரி, அதில் லினக்ஸ் என்று பட்டியல் போட்டாய். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட பெரிய சர்வர் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. வேறு இடமில்லையாம், என் கட்டிலுக்கு எதிரே வைத்துவிட்டார்கள்.

பகலில் அது சமர்த்து. இரவு இரண்டு மணிக்கு ஃபேன் அலறுகிறது, மூச்சு முட்டுவதுபோல. கண்ணைத் திறக்கத் தைரியமில்லை. அறைக்குள் யாரோ இருக்கிறார்கள் அண்ணா.

பதிலைப் பள்ளி முகவரிக்கு அனுப்பு.

உன் தங்கை

மார்ச் 10

பயந்தாங்கொள்ளிக்கு,

சர்வர் ஃபேன் என்றால் கத்தத்தான் செய்யும் என்று சிரித்தேன். பிறகு தினமும் செய்வதுபோல இங்கிருந்தே இணையம் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து வெப்பப் பதிவைப் பார்த்தேன். தினமும் இரவு இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு முன்பக்கச் சூடு ஏறுகிறது. இரண்டே முக்காலுக்கு இறங்குகிறது. அந்த நேரத்தில் பிராசசருக்கு ஒரு வேலையும் இல்லை.

காற்றை உள்ளே இழுப்பது முன்பக்கச் சல்லடைத் தகடு. நாற்பது நிமிடம் எதுவோ அதை அடைத்துக்கொண்டு இருக்கிறது.

வீட்டில் பூனை வளர்க்கிறீர்களா?

அண்ணன்

மார்ச் 15, இரவு

அண்ணா,

பூனை இல்லை. அம்மாவுக்கு இரவு வேலை. அப்பா பத்து மணிக்கே படுத்துவிடுகிறார்.

நேற்று ஃபேன் சத்தத்துக்கு அடியில் ஒரு பேச்சுக்குரல் கேட்டது. விடியும்வரை நான் புரண்டுகூடப் படுக்கவில்லை.

தங்கை

மார்ச் 21

தங்கச்சி,

இது கிடைக்கிற அன்றே, சத்தம் வந்ததும் லைட்டைப் போடு. என்னவாக இருந்தாலும் உடனே எழுது. எனக்கும் இங்கே தூக்கம் இல்லை.

அண்ணன்

மார்ச் 26, இரவு

அண்ணா,

போட்டேன்.

அப்பா. தரையில் மண்டியிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் அணைத்து, முன்பக்கச் சல்லடையில் முகத்தை ஒட்டிவைத்திருந்தார்.

"லைட்ட அணைடி."

"என்னப்பா பண்றீங்க?"

"அவன் அங்கேர்ந்து தினமும் இதுக்குள்ள வந்து பாக்கறான்னு நீதானே சொன்ன? வெளிய போடான்னு சொன்னவன் நான். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஃபோன் பண்றது?"

திரும்பவும் சல்லடையில் வாயை வைத்து, "சாப்பிட்டியாடா?" என்றார்.

அந்தப் பெட்டிக்குக் காது கிடையாது. அது எனக்குத் தெரியும். ஆனால் கேட்டுவிட்டு அவர் காதை வைக்கிறார் அண்ணா. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சரி" என்று தலையாட்டுகிறார். ஒருமுறை சிரித்தார்.

யாரோ இருக்கிறார்கள் என்று நினைத்தபோதுகூட இவ்வளவு பயம் இல்லை. நீ அதற்குள்ளிருந்து என்ன பதில் சொல்கிறாய் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஃபோன் வேண்டாம். கிளம்பி வா.

தங்கை