மேல்தட்டில் ஒரு தொப்பி

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் வந்தார். கழுத்தில் கமரா, கையில் தண்ணீர்ப் போத்தல். ஏரிக்கரைப் பீச்சில் சுற்றுலாப் பஸ்ஸை நிறுத்தியதும் முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம். பிறகு என்னிடம் வந்து, "தங்கச்சி, உது இங்கிலாந்தில கடற்கரை ஊருகளில ஓடின பஸ்தானே? கூரை முதலே இல்லையோ, பிறகு வெட்டினதோ?"

"எனக்குத் தெரியாது அண்ணை. பஸ்ஸை ஓடுறது மட்டும்தான் என்ர வேலை."

ஒரு கூரையில்லாத பழைய மாடிப் பஸ்ஸைப் பார்க்க ஒரு யாழ்ப்பாணத்து மனிதர் நாள் தவறாமல் வருவாரா? நான் என்ன சின்னப்பிள்ளையா? போன மாதம்தான் மகள் துர்க்கா, தான் விரும்புகிற மிதுனனைப் பற்றிச் சொன்னாள். இந்த மாதம் கமரா வருகிறது. மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். பெயர் பத்மநாதனாம். நான் கேட்காமலே சொன்னார். அதுவும் சந்தேகந்தான்.

ஜூன் 5

துர்க்காவிடம் சொன்னேன். சிரிக்கிறாள். "அம்மா, றிலாக்ஸ். அவையள் அப்பிடி இல்லை."

எல்லாரும் அப்படித்தான். நாங்கள் மட்டும் சும்மாவா இருக்கிறோம்? பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து என் அக்கா போய், ரூஜ் பக்கம் மிதுனன் வீட்டுத் தெருவில் வீடு வாங்க வந்த ஆள்போல நடந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

பயம் எனக்குத்தான். தகப்பன் விட்டுவிட்டுப் போன வீடு. தாய் பீச்சில் பஸ் ஓடுகிறாள். இதைச் சொல்லி என் பிள்ளையை வேண்டாம் என்றுவிடுவார்களோ? நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 11

பத்மநாதனுக்கு மட்டன் றோல்ஸ் கொடுத்தேன். வீட்டில் செய்தது என்று இரண்டு தரம் சொன்னேன். ரிக்கெற் வாங்க விடவில்லை. துர்க்கா படித்தது, கோயிலில் தேவாரம் பாடினது எல்லாவற்றையும் கதையோடு கதையாகப் போட்டுவிட்டேன். அவர் றோல்ஸைக் கடித்துக்கொண்டு கியர்ப்பெட்டியைப் பற்றிக் கேட்டார். நல்ல நடிகர்.

ஜூன் 12

இன்னொரு தொல்லை. மேல்தட்டு முன் சீட்டில் ஒருத்தி. பெரிய வைக்கோல் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. ஒரு ரிக்கெற்றுக்கு ஒரு சுற்று என்பதுதான் விதி. இவள் இறங்குவதே இல்லை. என் தலைக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி இருக்கிறது, கீழே இருந்தபடியே மேல்தட்டைப் பார்க்கலாம். எப்போது பார்த்தாலும் அந்தத் தொப்பிதான். ரிக்கெற் கொடுக்கிற செலீன் கண்டும் காணாததுபோல் இருக்கிறாள். நான் கேட்டால் இங்கிலிஷில் ஒரு "சொறி". எங்கள் ஆள்போல முகம், ஆனால் தமிழ் தெரியாத கயானாக்காரியாக இருக்கும்.

ஜூன் 19

அக்கா போனில் ஒரு புதினம் சொன்னாள். "மிதுனன்ர தாய் விடிஞ்சாப் போதும், சாப்பாட்டுப் பெட்டியோட வெளிக்கிட்டுப் போறாவாம். வேலையும் இல்லை. எங்க போறாவெண்டு பக்கத்து வீட்டுக்கும் தெரியாது."

இது என்ன குடும்பம்? எங்களை விசாரிக்க ஆளை விட்டுவிட்டு இந்த அம்மா எங்கே திரிகிறார்? மேல்தட்டைக் கூட்டிக்கொண்டே அக்காவிடம் இதையெல்லாம் கொட்டினேன். தொப்பிக்காரி ஏரியைப் பார்த்தபடி அங்கேதான் இருந்தாள். "இஞ்சயும் ஒண்டு ஒரு ரிக்கெற்றில நாள் முழுக்கக் குந்திக்கொண்டிருக்குது, வீடு வாசல் இல்லாததுபோல" என்றும் சொன்னேன். தமிழ் விளங்காதுதானே.

ஜூன் 24

மழை. எல்லாரும் கீழே ஓடி வந்துவிட்டார்கள். தொப்பிக்காரி மட்டும் மேலே, குடை பிடித்துக்கொண்டு! மரக்கொப்பில் குடை மாட்டினால் யார் பதில் சொல்வது? பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஏறிப்போய்க் கத்தினேன். இறங்கச் சொன்னேன். இறங்கினாள். மழையில் நின்று பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் செய்தது சரிதான். சரிதானே?

ஜூலை 5

மிதுனன் வீட்டில் நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். பத்மநாதன் நல்லதாகத்தான் சொல்லியிருக்கிறார். றோல்ஸ் வீண்போகவில்லை.

ஜூலை 6

 எழுதாமல் படுக்க முடியாது.

கதவைத் திறந்தது தொப்பிக்காரி. தொப்பி இல்லை, கறுப்புக் கண்ணாடி இல்லை. ஆனால் அதே வாயும் நாடியும், நிற்கிற அதே விதம் — ஐயோ கடவுளே.

"உள்ள வாங்கோ," என்றார், நல்ல யாழ்ப்பாணத் தமிழில். "இஞ்ச ரிக்கெற் தேவையில்லை."

துர்க்காவுக்கும் அக்காவுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கோ பூமி பிளந்து உள்ளே போய்விடமாட்டேனா என்றிருந்தது.

பிறகு குசினியில் நாங்கள் இருவர் மட்டும். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்: "முதல் நாள் உங்களை விசாரிக்கத்தான் வந்தனான். பிறகு வந்தது உங்களுக்காக இல்லை."

"பின்ன?"

"என்ர மனுசன் செத்து ரெண்டு வரியம். வீட்டில எந்த நேரமும் சாப்பிட்டீங்களோ, மருந்துக் குளிசை போட்டீங்களோ எண்டு கேள்வி. உங்கட பஸ்ஸில மேல இருந்தா ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்லை. காத்து மட்டுந்தான்." கோப்பையை என் பக்கம் தள்ளினார். "நீங்கள்தான் கேட்டனீங்கள். கத்தியும் கேட்டனீங்கள்."

சிரித்தாரா, குத்திக்காட்டினாரா?

வெளிக்கிடும்போது, தங்களுக்குச் சம்மதம் என்றார். ஏன் சம்மதம்? அவருடைய இடத்தில் நான் இருந்தால் கதவையே திறந்திருக்கமாட்டேன்.

ஜூலை 8

"தங்கச்சி, இண்டைக்கு றோல்ஸ் இல்லையோ?" என்று கேட்டார் பத்மநாதன். மனிதர் உண்மையாகவே பஸ் பார்க்கத்தான் வந்திருக்கிறார்.

ஜூலை 22

அவர்கள் வீட்டுக்குப் போன நாளுக்குப் பிறகு தொப்பி வரவே இல்லை. விசாரிப்பு முடிந்துவிட்டது, இனி ஏன் வரப்போகிறார்? அப்படியென்றால் காற்று என்றது பொய்யா? கண்ணாடியில் முன் சீட் வெறுமையாகத் தெரிகிறது. சும்மா சும்மா பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 28

துர்க்காவும் மிதுனனும் பிரிந்துவிட்டார்கள். அவன் வன்கூவருக்கு வேலைக்குப் போகிறானாம், இவள் போகமாட்டாளாம். சண்டை இல்லையாம்.

"அவன்ர அம்மா ஏதும் சொன்னவவோ?" என்று கேட்டுவிட்டேன்.

"அம்மா! எல்லாத்துக்கும் ஆரோ ஒராள் பின்னால நிக்கவேணுமா?"

கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். நான் வெளியே நிலத்தில் இருந்து அழுகிறேன். இவ்வளவு காவல் காத்தேனே, இது எந்த வழியால் வந்தது?

ஒக்டோபர் 13, திங்கள்

இந்த வருடத்தின் கடைசி நாள் ஓட்டம். நாளைக்குப் பனிக்காலத்துக்காகப் பஸ்ஸைக் கொட்டிலுக்குள் விடவேண்டும். காது நுனி கடுக்கிற குளிர். மேலே யார் ஏறப்போகிறார்கள் என்று நினைத்துத்தான் கண்ணாடியைப் பார்த்தேன்.

தொப்பி.

பீச்சில் நின்றபோது ஏறிப்போனேன். என்ன கேட்பது? இனி விசாரிக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

அவரே சொன்னார்: "சம்மந்தியாகப் போறவ பஸ்ஸில குந்திக்கொண்டு திரிஞ்சா நாலு சனம் கதைக்குமெண்டு வராம விட்டனான். இப்ப ஒரு பிரச்சினையும் இல்லைத்தானே."

 "குடை கொண்டுவரேல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டேன்.

இல்லையென்று கையை விரித்துக் காட்டினார்.

கீழே வந்து பஸ்ஸை எடுத்தேன். அவர் ஒரு ரிக்கெற்தான் வாங்கியிருந்தாராம், செலீன் சொன்னாள். இருட்டும்வரை ஓடினேன். இறங்கச் சொல்லவில்லை.