மலைக்கு ஏறாத மெயில்

6-2-2007, செவ்வாய். வாசலூர்பட்டி

நேற்றுக் காற்றில் மரம் சாய்ந்து போன் லைன் அறுந்தது. இன்று காலை ஒட்டிக்கொடுத்தார்கள். அதன்பின் கீழே நாமக்கல் ஆபீஸில் இருக்கும் என் மெயில் இங்கே மலை வீட்டில் திறக்கவில்லை. மற்றதெல்லாம் வருகிறது, இது மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது.

கொச்சி ஏற்றுமதிக்காரர் இந்த வருஷ மிளகுக்கு இன்று விலை எழுதுவதாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமைக்குள் பதில் போகாவிட்டால் வேறு இடத்தில் எடுத்துக்கொள்வார். எழுத்தில் இல்லாத பேச்சு அவரிடம் செல்லாது. இங்கே களத்தில் காய்வதோ, என் வாய்வார்த்தையை நம்பி மலைக்காரர்கள் பறித்துக் கொட்டியது.

7-2-2007

கம்ப்யூட்டர் போட்டுத்தந்த கவியரசனுக்குப் போன். "ஏனுங்ணா, ஆபீஸுக்குள்ள தொறக்குதுங்களா?" என்றான்.

ஆபீஸில் கணக்குப் பார்க்கும் யமுனாவைக் கேட்டேன். அவளுடைய மெயில் பெட்டி அங்கே திறக்கிறதாம். "உங்களுதையும் பாத்துச் சொல்லட்டுங்களாண்ணா?"

"வேண்டாம்" என்றேன். கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது.

போன வருஷம் பிரவுசிங் சென்டரில் கொச்சி மெயிலை மூடாமல் எழுந்து வந்தேன். மறுநாள் சந்தையில் என் விலையை எனக்கே சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் மெயிலுக்கு ஆபீஸிலேயே சொந்த சர்வர், அதன் வாசலில் வெளியாளைத் தடுக்க ஃபயர்வால் பெட்டி, எல்லாம். யாரையும் குறை சொல்லவில்லை. யாரையும் நம்பவுமில்லை.

8-2-2007

காரணம் தெரிந்தது. காரணம் நான்.

"இன்டர்நெட்டுல உங்க லைனுக்கு இப்ப என்ன நம்பருன்னு பாருங்க" என்றான் கவியரசன். பார்த்துச் சொன்னேன். "நெனச்சேன். மலை ஊட்டைத் தவிர எங்கிருந்து வந்தாலும் உள்ள உடக்கூடாதுன்னீங்க. அன்னைக்கு இருந்த நம்பரை ஃபயர்வால்ல எழுதி வெச்சேன். லைன் அறுந்து வந்தா நம்பரு மாறிருமுங்க. மாறாத நம்பரு தனியா வாங்கலாம்னேன், வெட்டிச் செலவுன்னீங்க."

நான் வைத்த காவல் என்னையே யாரோ என்று வெளியே நிறுத்தியிருக்கிறது.

மாட்டுத்தரகில் தொடங்கியவன் நான். "துண்டுக்கு அடியில கையப் புடிச்சு நடக்கற வெலப் பேச்சு வெளிய தெரியக்கூடாதுப்பா. என் கை மட்டும் இருக்கட்டும்னேன், அது தப்பா?"

"ஒத்தக் கைய வெச்சுக்கிட்டு யாருகிட்டங்ணா வெல பேசுவீங்க?" சிரித்துவிட்டான். போனை வைத்தபின் எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டில் சொல்ல ஆளில்லை.

ஃபயர்வாலில் விதியை மாற்றலாமாம்: எங்கிருந்து வந்தாலும் சரி, பூட்டுப் போட்ட வழியில் பாஸ்வேர்டோடு வந்தால் விடு என்று. ஆனால் ஆபீஸில் உட்கார்ந்துதான் மாற்ற முடியும். வெளியிலிருந்து ஒருத்தரும் கைவைக்கக் கூடாது என்றதும் நான்தானே. சர்வர் அறைச் சாவி என் இடுப்பில்!

இறங்கிப் போகலாம்தான். மலைக்காரர் சென்றாயன் களத்தில் மிளகைத் துழாவிக்கொண்டே சொன்னார்: "இன்னொரு யாவாரி நேத்தே வந்து கிள்ளிப் பாத்துட்டுப் போனானுங்க. நீங்க இருக்கறதால கம்முனு இருக்கறோம்."

இறங்க முடியாது.

9-2-2007, வெள்ளி

காலை பஸ்ஸில் சாவியைக் கண்டக்டர் அர்த்தனாரியிடம் கொடுத்தனுப்பினேன். இந்த மலையில் மாத்திரை, பத்திரிகை, கோழி எல்லாமே அப்படித்தான் இறங்கும். நான்தான் இதுவரை எதையும் கொடுத்ததில்லை. "என்னுங்க, பீரோ சாவியா? பயப்படாதீங்க, பஸ்ஸை உங்க ஊட்டு முன்னால நிறுத்தமாட்டேன்" என்று கிண்டல் வேறு.

யமுனா நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டாள். கவியரசன் அவளுக்குப் போனில் சொல்லிக்கொடுத்தான். ஃபயர்வால் பாஸ்வேர்டு கேட்டது. போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். மேனகா. அப்புறம் அவள் இறந்த வருஷம்.

என் மனைவி மேனகாவின் சாவுக்கு வந்தவள்தான் யமுனா. "போட்டுட்டனுங்ணா" என்று மட்டும் சொன்னாள்.

கவியரசன் தன் கடையிலிருந்து பார்த்தான், பாஸ்வேர்டு கேட்கும் வாசல் வந்தது. நான் பார்த்தேன், திறந்தது. பூட்டுக் குறியும் இருக்கிறது. கொச்சி விலை: கிலோ நூற்றுப்பதினெட்டு.

சந்தோஷப்பட வேண்டும். யாரிடமாவது சொன்னால்தானே அது சந்தோஷம்? போனை எடுத்தேன், வைத்தேன். யாருக்குப் போடுவது?

யமுனாவுக்குப் போட்டேன். விலையை வாய்விட்டு இன்னொருவரிடம் சொன்னது, மேனகா போனபின் இதுதான் முதல் தடவை.

"கொறச்சலுங்ணா. போன தடவை ஈரம்னு கழிச்சாங்க. இந்தச் சரக்கு நல்லாக் காஞ்சுதில்ல? ஏத்திக் கேளுங்க."

"நீயே கேட்டு எழுது."

"உங்க பெட்டியிலிருந்துங்களா?"

"ஆமா. பாஸ்வேர்டு அதேதான்."

"அப்படின்னா எனக்கும் ஒரு கண்டிசன் இருக்குதுங்க" என்றாள்.

10-2-2007, சனி

முடிந்தது. கொச்சிக்கு: கிலோ நூற்றிருபத்திரண்டு, லாரி வாடகை அவர்களுடையது, சரக்கு இறங்கிய அன்றே பணம்.

யமுனாவுக்கு: விலைக் கடிதம் எதையும் அவள் திறக்கலாம், என்னைக் கேட்டுப் பதில் எழுதலாம். அவளுடைய கண்டிசன்: சாயங்காலம் ஆபீஸ் பூட்டும்போது போன் போடுவாள். மெயில் விஷயம் மட்டும் கேட்டுவிட்டு நான் வைத்துவிடக் கூடாது.